அனுபவஸ்தருக்கு ஒரு பெரிய கும்பிடு

நாட்டை ஆள அனுபவம்தான் முக்கியம்னு நீ சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு நைனா. இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, உள்ளே உன் பாட்டிக்கும் கேட்கட்டும். எழுபத்தஞ்சு வயசுல இந்த வீட்டுல என் அனுபவத்தை மதிச்சுப் பேச நீ ஒருத்தனாவது இருக்கியே. அவ என்னை ரேஷன் கடைக்குக்கூட நம்பி அனுப்புறதில்ல. சில்லறையை எண்ணாம வாங்கிட்டு வந்துடுவேனாம். அறுபது வருஷமா சில்லறை வாங்குறவன் நான். அதனாலதான் எண்ணுறதில்ல, அது அவளுக்குப் புரியல.

நம்ம திருச்சானூருக்கு வர்ற ஜனத்தைப் பாரு. அலமேலுமங்காபுரம்னு சொல்லிக்கிட்டு ஆரணியில இருந்தும் ஆற்காட்டுல இருந்தும் குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க. அதுல கண்டிப்பா ஒருத்தர் இருப்பார். "முப்பது வருஷமா திருப்பதி மலைக்கு வர்றேன், எனக்குத் தெரியாத வழியா?" இதுதான் அவர் பேச்சு. போன தடவை எந்த வாசலோ அதே வாசல்ல குடும்பத்தோட போய் நிப்பார். இலவச தரிசனத்துக்கு டோக்கன் கீழேயே, விஷ்ணு நிவாசத்துலயும் சீனிவாசத்துலயும் கொடுக்கிறாங்கன்னு அங்கே போன பிறகுதான் தெரியும். முதல் தடவையா வந்த பையன் நாலு பேரைக் கேட்டுக்கிட்டு, டோக்கனை வாங்கி, சாமியைப் பார்த்துட்டு, கையில லட்டோட எதிர்ல இறங்கி வந்துக்கிட்டிருப்பான். நம்ம அனுபவஸ்தர் அவன்கிட்ட வழி கேட்பாரா? கேட்க மாட்டார். கேட்டா அந்த முப்பது வருஷம் என்னாகிறது?

சரி, நாட்டுக் கதைக்கு வர்றேன். இப்போ நாற்காலியில இருக்கிறவங்களைப் பத்தி மட்டும் என் வாயைக் கிளறாதே. ஒண்ணாந்தேதி பொழுது விடிஞ்சா பென்ஷன் வீடு தேடி வருது, அதைக் கெடுத்துக்க நான் தயாரா இல்ல. போய்ச் சேர்ந்தவங்களைப் பத்திப் பேசுவோம். அவங்க கோபிச்சுக்க மாட்டாங்க. அதுலயும் நம்ம ஊர்லயே நடந்த ஒரு சங்கதி இருக்கு. இந்த ஊர்க்காரனா இருந்தும் உனக்குத் தெரிஞ்சிருக்காது, பாடப் புத்தகத்துல வராத பாடம்.

1963 அக்டோபர். காமராஜர் 2ஆம் தேதிதான் சென்னையில முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கியிருக்கார். பெரிய தலைவருங்க பதவியை விட்டுட்டுக் கட்சி வேலைக்கு வரணும்னு திட்டம் போட்டவரே அவர்தான். அடுத்தவனை இறக்கத் திட்டம் போடுறவனைப் பார்த்திருக்கேன், முதல்ல தானே இறங்கினவரை அப்போதான் நாடு பார்த்தது. அந்தத் திட்டத்துல ஆறு முதலமைச்சர், ஆறு மத்திய அமைச்சர் வீட்டுக்குப் போனாங்க. போன மத்திய அமைச்சர்ல ரெண்டு பேரை மனசுல வெச்சுக்கோ. நிதி மந்திரி மொரார்ஜி தேசாய், உள்துறை மந்திரி லால் பகதூர் சாஸ்திரி.

அந்த மாசம் திருப்பதியில நாலு பேர் கூடினாங்க. காமராஜர், நம்ம ஆந்திராவோட அன்னைக்கு முதலமைச்சர் சஞ்சீவ ரெட்டி, மைசூர் முதலமைச்சர் நிஜலிங்கப்பா, வங்காளத்துக் காங்கிரஸை கையில வெச்சிருந்த அதுல்ய கோஷ். பின்னாடி பத்திரிகைக்காரங்க 'சிண்டிகேட்'னு பேர் வெச்சாங்களே, அதுக்கு அஸ்திவாரம் போட்டது நம்ம மலையடிவாரத்துலதான். நாலு பேர்ல யாரும் மொட்டை போட வரல. காமராஜருக்கு அந்தத் தேவையும் பெரிசா இல்ல. நேருவுக்கு உடம்பு தளர்ந்துடுச்சு, அவருக்குப் பிறகு யாரு? இதுதான் விஷயம். காமராஜர் கட்சித் தலைவராகணும், மொரார்ஜி பிரதமராகிடக் கூடாது, சாஸ்திரின்னா சரி. பேச்சோட சாரம் இவ்வளவுதான்.

எனக்கு அப்போ பதிமூணு வயசு. பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டு சுவர்ணமுகி மணல்ல விளையாடிக்கிட்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டு யாரும் யோசனை கேட்கல. கேட்டிருந்தா, உன்னை மாதிரியே, மொரார்ஜின்னுதான் சொல்லியிருப்பேன். ஏன்னா ஏட்டுல எழுதிப் பார்த்தா அவரை அடிச்சுக்க ஆளில்ல. வெள்ளைக்காரன் காலத்துல அதிகாரி, பம்பாய் ராஜ்யத்துக்கு முதலமைச்சர், டில்லியில வர்த்தகம், அப்புறம் அஞ்சு வருஷம் நிதி. மொத்தத்துல பத்து பட்ஜெட் போட்டவர், இந்த நாட்டுல இன்னொருத்தர் அந்த எண்ணிக்கையைத் தொடல. ஒரே குறை, பிப்ரவரி 29ல பிறந்துட்டார். 1964ல அவருக்கு 68 வயசு, ஆனா வந்த பிறந்த நாள் பதினாறுதான். அனுபவத்தைப் பிறந்த நாளை வெச்சு எண்ணுற ஆளுங்க இதை எந்தக் கணக்குல எழுதுவாங்கன்னு தெரியல.

அவ்வளவு அனுபவம் என்ன பண்ணுச்சு, கேளு. 1963 ஜனவரி. சீனாக்காரன் அடிச்சு கஜானா காலி. தங்கக் கடத்தல் ஒரு பக்கம். மொரார்ஜி ஒரு உத்தரவு போட்டார்: இனிமே செய்யுற நகையெல்லாம் 14 காரட்டுக்கு மேல போகக் கூடாது. காகிதத்துல பார்த்தா அருமையான யோசனை. தங்க ஆசை குறையும், கடத்தல் நிக்கும், அன்னியச் செலாவணி மிச்சமாகும். கல்யாணம் பேசுற வீட்டுல பொண்ணு வீட்டுக்காரன் 14 காரட்டுல செயின் கொண்டு போய் சம்பந்தி முன்னாடி வெச்சா என்ன நடக்கும்னு மட்டும் அவர் யார்கிட்டயும் கேட்கல. பத்து பட்ஜெட் போட்டவருக்கு ஒரு மாமியாரோட கணக்கு தெரியாமப் போச்சு. நாடு முழுக்கப் பத்தருங்க பட்டறை படுத்துடுச்சு. பரம்பரைத் தொழிலை விட்டுட்டுக் கூலிக்குப் போனவங்க உண்டு, உயிரையே விட்டவங்களும் உண்டு. தங்கமோ, அது எப்பவும்போல புழக்கடை வழியா வந்து போய்க்கிட்டிருந்தது.

தப்பு பண்றது பெரிசில்ல, பண்ணாத மனுஷன் யாரு? சூடு பட்டவர் அடுத்த தடவை என்ன பண்ணினார், அதைப் பாரு. 1967ல மறுபடி நிதி மந்திரியா வந்தார். 1968ல தங்கக் கட்டுப்பாட்டை முறையான சட்டமாவே போட்டுட்டார். அது 1990 வரைக்கும் இருந்துட்டுத்தான் ஒழிஞ்சது. நல்ல மனுஷன் நைனா, கை சுத்தம். பிடிவாதமும் அவ்வளவு சுத்தம், அதுல ஒரு துளி கலப்படம் கிடையாது. அவரோட பிடிவாதத்தை நகைக்கடையில உரசிப் பார்த்திருந்தா 24 காரட் காட்டியிருக்கும்.

திருப்பதியில கூடின நாலு பேருக்கும் இன்னொரு காட்சி பச்சையா ஞாபகம் இருந்திருக்கும். அது அதுக்கு முந்தின வருஷத்துக் கதை. அனுபவத்துல நேருவை மிஞ்ச யாரு? பதினஞ்சு வருஷமா பிரதமர், பதினஞ்சு வருஷமா வெளியுறவும் அவரே. 1962 அக்டோபர் 12, கொழும்புக்கு விமானம் ஏறப் போறார். எல்லையைப் பத்திப் பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. நம்ம மண்ணுல இருந்து சீனாக்காரனை விரட்டச் சொல்லி ராணுவத்துக்குச் சொல்லியாச்சுங்கிற மாதிரி போற போக்குல ஒரு பதில் சொல்லிட்டு ஏறிட்டார். மலை மேல நம்ம ஜவான் பருத்திச் சட்டையோட குளிர்ல நடுங்கிக்கிட்டு நிக்கிறான். கையில பழைய துப்பாக்கி. அக்டோபர் 20, சீனாக்காரன் இறங்கி வந்தான்.

அதே அக்டோபர்ல, அதே வாரத்துல, உலகத்தோட மறுகோடியில கென்னடி உட்கார்ந்திருக்கார். நாற்பத்தஞ்சு வயசு. பதவிக்கு வந்து ரெண்டு வருஷம் முழுசா ஆகல. கியூபாவுல ரஷ்யாக்காரன் அணு ஏவுகணை கொண்டு வந்து வெச்சிருக்கான். எதிர்ல உட்கார்ந்திருக்கிற தளபதிங்க எல்லாம் ரெண்டாம் உலகப் போரைப் பார்த்தவங்க, நெஞ்சு நிறையப் பதக்கம். உடனே குண்டு போடணும்னு ஒரே பிடி. மனுஷன் கேட்டார், கேட்டார், கேட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில குண்டு போடல, கப்பலைத்தான் மறிச்சார். எதிராளி மானத்தோட திரும்பிப் போக ஒரு வழியும் விட்டு வெச்சார். 28ஆம் தேதி குருஷ்சேவ் ஏவுகணையை எடுத்துக்கிறேன்னார். துருக்கியில இருந்த தங்களோட ஏவுகணையை இவங்களும் சத்தமில்லாம எடுத்துக்கிட்டாங்க. நீயும் நானும் இன்னைக்குத் திண்ணையில உட்கார்ந்து வம்பு பேச உலகம்னு ஒண்ணு மிச்சம் இருக்கே, அதுல அந்தப் பதிமூணு நாளுக்கும் பங்கு உண்டு.

எங்கே மடக்கப் போறேன்னு தெரியுது, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. முந்தின வருஷம், 1961ல, இதே கென்னடி பெரிய பெரிய உளவுத்துறை அனுபவஸ்தருங்க பேச்சைக் கேட்டு அதே கியூபாவுல ஆளை இறக்கி மூக்கறுபட்டார், அந்த அனுபவம்தானே அவரைத் திருத்துச்சுன்னு கேட்கப் போறே. கேளு, நியாயம்தான். மொரார்ஜிக்கும் அதே மாதிரி சூடுதான் பட்டுச்சு. ஒருத்தர் சூட்டைப் பார்த்துட்டுக் கையை எடுத்தார், இன்னொருத்தர் அடுப்பு மேல வழக்குப் போட்டார். ரெண்டு பேருக்கும் அனுபவம் ஒண்ணு. வேறயா இருந்தது என்னன்னு நீயே சொல்லு. நீதான் காலேஜ் படிச்சவன்.

இப்போ சாஸ்திரி. அஞ்சடி சொச்சம் உயரம், தொளதொள வேட்டி, சத்தம் வராத பேச்சு. அனுபவமே இல்லாத ஆள்னு சொன்னா பொய். ரயில்வே, போக்குவரத்து, வர்த்தகம், உள்துறைன்னு சுத்தி வந்தவர்தான். ஆனா மொரார்ஜிக்குப் பக்கத்துல நிறுத்தினா, அனுபவம்னு பார்க்கிறவன் கண்ணுக்கு இவர் தட்டுப்படவே மாட்டார். 1956 செப்டம்பர்ல நம்ம பக்கம் மகபூப்நகர்ல பாலம் உடைஞ்சு ரயில் விழுந்தது. ராஜினாமா கொடுத்தார், நேரு வேண்டாம்னுட்டார். நவம்பர்ல அரியலூர். மருதையாத்துப் பாலத்துல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்துல போச்சு, நூறு பேருக்கு மேல செத்தாங்க. இந்த தடவை நேருவே ஏத்துக்கிட்டார். மூணு மாசத்துக்குள்ள ரெண்டு தடவை ராஜினாமா கொடுத்த மந்திரியைக் காட்டுன்னா, இப்போ நீ அருங்காட்சியகத்துலதான் தேடணும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிசாத் தெரியுறது காஷ்மீர்ல நடந்தது. 1963 டிசம்பர் 27, ஸ்ரீநகர் ஹஸ்ரத்பால் மசூதியில நபியோட புனித முடி காணாமப் போச்சு. ஊரே தெருவுல நிக்குது. ஜனவரி 4ல கிடைச்சுடுச்சுன்னு அரசாங்கம் சொல்லுது. கிடைச்சது அசல்தானான்னு ஜனம் கேட்குது. பெரியவங்க பார்த்துச் சொல்லட்டும், அப்போ நம்புறோம்கிறாங்க. ரொம்ப வருஷம் சர்வீஸ் பார்த்த டில்லி அதிகாரி, காட்டவே கூடாதுங்கிறார். ஒருவேளை 'இது அது இல்ல'ன்னு ஒருத்தர் சொல்லிட்டா நாடே எரியும், அதனால மூடி வை. அனுபவம் எப்பவும் அப்படித்தான் சொல்லும், மூடி வை. அப்பத்தான் மறுபடி மந்திரியா வந்திருந்த சாஸ்திரியை நேரு அனுப்பினார். குளிருக்கு இவர்கிட்ட கோட்டு இல்லன்னு நேரு தன்னோட கோட்டைக் கொடுத்தனுப்பினார்னு ஒரு பேச்சு உண்டு, அதுல இவர் மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். போனார், எல்லாத் தரப்பையும் கூப்பிட்டு உட்கார வெச்சுக் கேட்டார், காட்டலாம்னார். பிப்ரவரி 3, பெரியவங்க வந்தாங்க, பார்த்தாங்க, அதுதான்னு தலையசைச்சாங்க. எரிஞ்சுக்கிட்டிருந்த ஊர் அன்னைக்கே அடங்குச்சு. ஜனத்தோட சந்தேகம் நியாயமானது, அதுக்கு மருந்து காட்டுறதுதான்னு அவருக்குத் தோணியிருக்கு. இதை எந்த இலாகாவுல எத்தனை வருஷம் இருந்தாக் கத்துக்கலாம்?

நேரு 1964 மே 27ல போனார். காமராஜர் அதுக்குள்ள கட்சித் தலைவர். எம்.பி.க்களைத் தனித்தனியாக் கூப்பிட்டு, பேசாம காதை மட்டும் கொடுத்துக் கேட்டார். சாஸ்திரின்னு முடிவாச்சு. மொரார்ஜியே வழிமொழிஞ்சார், அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாம விட்டா பாவம்.

ஆனா அந்த நாலு பேரும் நிதானத்தைத் தராசுல வெச்சு நிறுத்துத்தான் சாஸ்திரியை எடுத்தாங்கன்னு நினைச்சுடாதே. அப்படி நான் சொன்னா எனக்கும் அவங்களுக்கும் சொந்தம்னு அர்த்தம். மொரார்ஜி யார் சொல்லையும் கேட்க மாட்டார், சாஸ்திரி நம்ம சொல்லைக் கேட்பார். அவங்க கணக்கு அது. கேட்பார்ங்கிறது வரைக்கும் சரி. நம்ம சொல்லை மட்டும்தான் கேட்பார்னு நினைச்சதுலதான் கணக்கு இடிச்சது.

பத்தொன்பது மாசம்தான் இருந்தார். அதுல எல்லாமே நல்லாப் பண்ணினார்னும் சொல்ல மாட்டேன். 1965 ஜனவரி 26ல இந்தி ஆட்சிமொழின்னு வந்தப்போ தமிழ்நாடு பத்தி எரிஞ்சது. பிள்ளைங்க தீக்குளிச்சாங்க, துப்பாக்கிச் சூடு, அரசாங்கக் கணக்குலயே எழுபது பேர் வரைக்கும். டில்லியில மனுஷன் ரெண்டு வாரத்துக்கு மேல யோசிச்சுக்கிட்டே இருந்தார். தாமதத்துக்கு நிதானம்னு பேர் வெக்கிற வேலை எல்லாம் என்கிட்ட நடக்காது. செத்த பிள்ளைங்களோட அப்பன் முன்னாடி நின்னு அப்படிச் சொல்லிப் பாரேன். திருப்பதி நால்வரும் பெங்களூர்ல கூடி, இந்தி பேசாதவங்க மேல இந்தியைத் திணிக்காதீங்கன்னு அறிக்கை விட்டாங்க. பிப்ரவரி 11ல சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மந்திரி பதவியை விட்டாங்க. சாஸ்திரி அதை ஏத்துக்கலாம்னு ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி யாரு? நம்ம ராதாகிருஷ்ணன். திருத்தணியில பிறந்து திருப்பதி மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவர். (அந்த ரெண்டு ஊரும் 1960ல இருந்து ரெண்டு ராஜ்யம். அந்த வழக்கை எடுத்தா விடிஞ்சுடும்.) அவர் வேண்டாம்னார். அன்னைக்கு ராத்திரியே சாஸ்திரி ரேடியோவுல வந்து, இந்தி பேசாத மாநிலம் விரும்புற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு வாக்குக் கொடுத்தார். காலையில எடுத்த முடிவை ராத்திரிக்குள்ள மாத்திக்க ஒரு பிரதமருக்கு எவ்வளவு தைரியம் வேணும்! நானெல்லாம் காலையில காபி வேண்டாம்னு சொல்லிட்டா, வெக்கத்துக்கே சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டேன்.

அதுக்கு அப்புறம் கட்ச். ஏப்ரல்ல பாகிஸ்தான் சேத்து நிலத்துல வம்பு இழுத்தது. பார்லிமென்ட்ல ஒரே கூச்சல், அடி, விடாதே. இவர் நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கிட்டார். கோழைன்னாங்க. உப்புச் சேத்துக்காகப் படையைச் சிக்க வெக்கிறதா, அடிக்கிற இடத்தையும் நேரத்தையும் நாம தேர்ந்தெடுக்கிறதா, இது அவர் கேள்வி. 1968ல தீர்ப்பு வந்தப்போ கேட்டதுல பத்துல ஒரு பங்குதான் பாகிஸ்தானுக்குக் கிடைச்சது. ஆனா அந்தப் பக்கம் அயூப் கான்னு ஒரு அனுபவஸ்தர். பீல்ட் மார்ஷல், ஆறடிக்கு மேல. 1964ல கராச்சியில சாஸ்திரியை நேர்ல பார்த்தார், மேல இருந்து கீழ பார்த்தார்னு சொல்லணும். உயரத்தை அளந்துட்டு ஆளையே அளந்துட்டதா முடிவு பண்ணிட்டார். 1965 ஆகஸ்ட்ல காஷ்மீருக்குள்ள ஆளை விட்டார், செப்டம்பர் 1ல சாம்ப் பக்கம் டாங்கியை விட்டார். காஷ்மீர்ல அடிச்சா காஷ்மீர்லதான் திருப்பி அடிப்பான்னு அவர் அனுபவம் சொல்லியிருக்கு. செப்டம்பர் 6ஆம் தேதி இந்திய ராணுவம் லாகூர் எல்லையைத் தாண்டிடுச்சு. கோழைன்னு சொன்ன வாயெல்லாம் அன்னைக்கு ஜெய் ஜவான்தான். 23ஆம் தேதி சண்டை நின்னது. நிறுத்தவும் தெரிஞ்சது, அதுதான் எனக்குப் பெரிசு.

இதுக்கு நடுவுல பஞ்சம் வேற. அமெரிக்காக்காரன் கோதுமைக் கப்பலை எண்ணி எண்ணி விட்டான். திங்கக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கன்னு சாஸ்திரி நாட்டைக் கேட்டார், முதல்ல தன் வீட்டுல அடுப்பை மூட்டாமப் பார்த்துட்டுத்தான் கேட்டார்ங்கிறாங்க. பட்டணத்துல ஹோட்டலெல்லாம் மூடினாங்களாம். எங்க வீட்டுல அந்தக் காலத்துல எல்லா ராத்திரியும் திங்கக்கிழமைதான், அதனால தேசபக்தியைத் தனியாக் காட்ட வேண்டிய அவசியம் வரல.

தாஷ்கண்ட்ல 1966 ஜனவரி 10 ஒப்பந்தம் போட்டார், பிடிச்ச ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கிட்டார். ஊர் திட்டத் தயாரா இருந்தது. அந்த ராத்திரி தாண்டல, போயிட்டார்.

இனிமேதான் நீ கவனமாக் கேட்கணும். அதே பெரியவங்க மறுபடி கூடுறாங்க. இப்போ அவங்க கையில என்ன இருக்கு? அனுபவம்! பிரதமரைத் தேர்ந்தெடுத்த அனுபவம் இந்தியாவுல அவங்களைத் தவிர யாருக்கும் கிடையாது. போன தடவை என்ன பண்ணினோம்? மொரார்ஜியைத் தள்ளிட்டு, சத்தம் போடாத, சொன்னதைக் கேட்கிற ஆளாப் பார்த்து வெச்சோம். நல்லா வந்தது. அதையே பண்ணு. காமராஜரையே நிக்கச் சொல்லிக் கேட்டாங்க. இந்தியும் வராது, இங்கிலீஷும் வராது, எப்படின்னு அவர் கையை விரிச்சுட்டார். தன்னைத் தானே அளந்த வரைக்கும் அந்த மனுஷன் அளவு ஒரு நூல் பிசகல. அடுத்தவங்களை அளந்ததுலதான் போச்சு. ரெண்டு வருஷம்கூட முழுசா மந்திரியா இல்லாத, பார்லிமென்ட்ல எழுந்து பேசவே தயங்கின இந்திரா காந்தியைக் கொண்டு வந்தாங்க. மொரார்ஜி இந்த தடவை விடல, ஓட்டெடுப்பு வெச்சாங்க: 355க்கு 169.

ஜனவரியில பதவி. ஜூன் 6ஆம் தேதி, ரூபாய் மதிப்பைக் குறைச்சாச்சுன்னு அறிவிப்பு வந்தது. ஒரு டாலருக்கு 4.76 இருந்தது 7.50. கட்சித் தலைவர் காமராஜரை ஒரு வார்த்தை கேட்கல. போன தடவை போன வாசலுக்கே குடும்பத்தோட போய் நின்னாச்சு.

என் கட்சி ஜெயிச்சதா நினைச்சு நீ சும்மா இருக்க வேண்டாம், அந்தம்மா என் வாயையும் அடைச்சவங்கதான். அனுபவம் கம்மிதான். 1971ல வங்கதேச விவகாரத்துல அகதி லட்சம் லட்சமா வர்றப்போ, உடனே பாய்னு ஊரே கத்தினப்போ, டிசம்பர் வரைக்கும் பொறுத்தாங்க. படை தயாராகட்டும், மழை நிக்கட்டும், மலைப் பாதையில பனி விழட்டும்னு. அதுல யாரும் குறை சொல்ல முடியாது. 1975 ஜூன்ல, பிரதமரா ஒன்பது வருஷ அனுபவம் சேர்ந்த பிறகு, அலகாபாத் கோர்ட் ஒரு தீர்ப்பு சொன்னதுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள நாட்டையே பூட்டிட்டாங்க. அனுபவம் ஏற ஏற நிதானம் இறங்கின கதை. உன் கட்சிக்கு இதை எந்தப் பக்கம் வெச்சுப் பேசுவியோ, உன் சமத்து.

அந்த நாலு பேர் என்னானாங்க? காமராஜரும் அதுல்ய கோஷும் 1967 தேர்தல்ல தோத்தாங்க. காமராஜர் தோத்தது சொந்த ஊர் விருதுநகர்ல, ஒரு மாணவர் தலைவர்கிட்ட, 1,285 ஓட்டுல. சஞ்சீவ ரெட்டி 1969ல ஜனாதிபதி தேர்தல்ல கட்சி வேட்பாளரா நின்னு, இந்திராவாலயே தோத்தார். நிஜலிங்கப்பா கட்சித் தலைவரா இருந்து அந்தம்மாவைக் கட்சியை விட்டு நீக்கினார். நீக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா கட்சியில பெரும்பகுதி அந்தம்மா பின்னாடி போய்க்கிட்டிருந்தது. காமராஜர் எமர்ஜென்சிக்கு நடுவுல, 1975 அக்டோபர் 2ல கண்ணை மூடினார். முதலமைச்சர் நாற்காலியை விட்ட அதே தேதி.

1977ல, திருப்பதியில அவங்க வேண்டாம்னு ஒதுக்கின மொரார்ஜி, 81 வயசுல பிரதமரானார். அதே வருஷம் சஞ்சீவ ரெட்டி போட்டியில்லாம ஜனாதிபதி. ரெண்டே வருஷம். 1979 ஜூலையில மொரார்ஜி ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக்கிட்டுப் போய் யார் கையில கொடுத்தார் தெரியுமா? சஞ்சீவ ரெட்டி கையில. 1980 ஜனவரியில இந்திராவுக்கு மறுபடி பிரமாணம் பண்ணி வெச்சது யாரு? அவரேதான்.

இதுக்கு நான் இவ்வளவு நேரம் மூச்சு வாங்கிக் காரணம் சொல்றேன். நம்ம தெருக் கிழவிங்களைக் கேளு, ஒரே வரியில முடிச்சுடுவாங்க. மலைக்கு வந்தவங்க கீழே திருச்சானூருக்கு வந்து தாயாரைச் சேவிக்காமப் போனா பலன் பாதிதான், அந்த நாலு பேரும் அவசரத்துல அதை விட்டிருப்பாங்க, அதான் சாஸ்திரி பலிச்சார், அடுத்தது பலிக்கலன்னு. ஒவ்வொருத்திக்கும் எண்பது வருஷ அனுபவம் நைனா. போய் மறுத்துப் பேசு, நான் திண்ணையில இருந்தே பார்க்கிறேன்.